ஐந்து பொத்தான்களின் நினைவு

டெக்சஸ் மாநிலத்தில், ஃபோர்ட் வொர்த் நகருக்குச் சற்று மேற்கே, நண்பர் ஒருவரின் கொட்டகையில் 1972ஆம் ஆண்டுச் செவ்ரோலே பிக்கப் வண்டி ஒன்று நிற்கிறது. மாதம் ஒருமுறை நூல்களைப் பற்றிப் பேசுவதற்கென்று கூடும் எங்கள் சிறு குழுவில், அண்மைக் காலத்தில் நூல்களைவிட அதிகமாகப் பேசப்பட்டது அந்த வண்டியைப் பற்றித்தான் என்றால் அது மிகையன்று. வரலாற்று ஆர்வலர்களுக்கும் பழைய வண்டிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவக்கூடும். கோயிற் கல்வெட்டுக்கு வெள்ளையடிக்கலாமா என்று நம்மவர்கள் பல்லாண்டுகளாக வாதிட்டு வருகிறோமல்லவா? ஏறக்குறைய அதே கேள்விதான் அந்தக் கொட்டகையில் எங்கள் முன் வந்து நின்றது.

வண்டி நண்பரின் அண்டை வீட்டுப் பெரியவருடையது. வாங்கிய நாள் முதல் அவர் ஒருவரே ஓட்டியது. அவர் மறைந்தபின் அவருடைய மகள் அதனை நண்பருக்கு விற்றார். விலை பேசும்போது அந்த அம்மையார் நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை. "அப்பா டாஷ்போர்டை மட்டும் யாரையும் தொடவிட்டதில்லை" என்று ஒரு சொல் சொன்னதோடு சரி. நண்பருக்கோ நாள்தோறும் நாற்பது நிமிடப் பயணம். கைப்பேசியிலிருந்து பாட்டுக் கேட்க வேண்டும். வண்டியில் இருந்ததோ ஏ.எம். மட்டுமே பிடிக்கும் வானொலி, அதுவும் ஊமை. புதிய ஸ்டீரியோவைப் பொருத்த டாஷ்போர்டின் இரும்புத் தகட்டை ஒரு சாண் அகலத்துக்கு அறுத்தாக வேண்டும். அறுப்பதற்கான இரம்பமும் தயாராகவே இருந்தது.

அன்று எங்களில் ஒருவர் அந்த ஊமை வானொலியின் முதற் பொத்தானை விளையாட்டாக அழுத்தினார். மின்சாரமே இல்லாத அந்தப் பெட்டியில், சிவப்பு முள் சட்டென்று நகர்ந்து 80 என்ற எண்ணைச் சிறிதே தாண்டி நின்றது. இரண்டாம் பொத்தானுக்கு வேறோர் இடம். மூன்றாவதற்கு இன்னோர் இடம். பெரியவர் தம் கையால் என்றோ பதித்துவைத்த நிலையங்கள் அவர் மறைவுக்குப் பின்னும் அங்கேயே இருந்தன. இரம்பத்தைப் பிடித்திருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டார். நாங்கள் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியது அதன்பிறகுதான்.

அறுத்துப் பொருத்திய காலம்

அமெரிக்காவில் பொதுமக்களுக்கான வானொலி ஒலிபரப்பு பேரளவில் தொடங்கியது 1920ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் என்பர். பிட்ஸ்பர்க் நகரின் கே.டி.கே.ஏ. நிலையம் அன்றிரவு குடியரசுத் தலைவர் தேர்தலின் முடிவுகளை அறிவித்தது. வீட்டுக்குள் வந்த குரலை வண்டிக்குள்ளும் கொண்டுவரும் ஆசை உடனே பிறந்துவிட்டது. ஆயினும் அந்தப் பத்தாண்டு முழுவதும் அது செல்வந்தரின் வேடிக்கையாகவும் ஆர்வலரின் சோதனையாகவுமே இருந்தது.

தடைகள் மூன்று. முதலாவது மின்சாரம். வண்டியின் பேட்டரி தந்தது ஆறு வோல்ட். வானொலியின் வால்வுகளுக்கோ நூறு வோல்ட்டுக்கும் மேல் வேண்டும். ஆகவே தனி உலர் மின்கலன்களை வண்டியின் தரைக்கடியில் அடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது இரைச்சல். இயந்திரத்தின் ஒவ்வொரு தீப்பொறியும் ஒரு சிறு வானொலி நிலையம். அது எழுப்பும் அலை, பாட்டை மூழ்கடித்துவிடும். மூன்றாவது இடம். பெட்டி பெரிது, ஒலிபெருக்கி தனி, அலைவாங்கிக் கம்பியைக் கூரைத் துணிக்குள் பரப்ப வேண்டும்.

இவற்றையெல்லாம் கடந்து, சாமானியரும் எட்டிப் பார்க்கக்கூடிய விலையில் கார் வானொலியைத் தந்தவர் சிகாகோவைச் சேர்ந்த பால் கால்வின். அவரும் தம்பி ஜோசப்பும் 1928ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய சிறு தொழிற்கூடம், பங்குச்சந்தைச் சரிவுக்குப்பின் தத்தளித்துக்கொண்டிருந்தது. பொறிஞர் வில்லியம் லியர், எல்மர் வேவரிங் முதலியோரின் துணையுடன் கால்வின் தம்முடைய ஸ்டூடிபேக்கர் காரில் ஒரு வானொலியைப் பொருத்தினார். 1930 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த வானொலி உற்பத்தியாளர் மாநாட்டுக்கு அதை ஓட்டிச் சென்றார். உள்ளே கடை விரிக்கப் பணமில்லை. அரங்கத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி, ஒலியைக் கூட்டி வைத்துப் போவோர் வருவோரை அழைத்துக் காட்டினார். ஆணைகள் கிடைத்தன. '5டி71' என்ற அந்த வானொலிக்கு அவர் சூட்டிய பெயர் மோட்டோரோலா. வண்டியைக் குறிக்கும் சொல்லோடு, விக்ட்ரோலா முதலிய அக்கால இசைப்பெட்டிகளின் 'ஓலா'வை ஒட்டவைத்த பெயர் அது. 1947இல் நிறுவனமே அப்பெயரை ஏற்றுக்கொண்டது.

அதற்கு முன் கடன் கேட்டுச் சென்ற ஒரு வங்கியாளரின் பேக்கார்டு காரில் கால்வின் வானொலியைப் பொருத்திக் கொடுத்ததாகவும், அரைமணி நேரத்தில் அந்தக் கார் தீப்பற்றிக்கொண்டதாகவும் ஒரு கதை சொல்லப்படுகிறது. கடன் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். '5டி71'இன் விலை பொருத்தும் கூலியோடு ஏறக்குறைய 110 முதல் 130 டாலர். அன்று ஒரு புதிய ஃபோர்டு மாடல்-ஏ வண்டியின் நல்ல வகையே 540 டாலர் அளவில்தான் கிடைத்தது. அவ்வளவு பணம் கொடுத்தவர் பெற்றது என்ன? டாஷ்போர்டைப் பிரித்துப் பெட்டியை மாட்டினர்; அலைவாங்கிக்காகக் கூரையைக் கிழித்தனர்; மின்கலன்களுக்காகத் தரைப் பலகையில் துளையிட்டனர். கார் வானொலியின் வரலாறு இரம்பத்தோடுதான் தொடங்குகிறது. இன்று நாம் 'தொழிற்சாலை மூலப்பொருள்' என்று போற்றிப் பாதுகாக்க நினைப்பதன் பாட்டனார், பிறருடைய வண்டியை அறுத்து உள்ளே புகுந்தவர்தாம்! எங்கள் குழுவில் அறுக்கலாம் என்று வாதிட்ட நண்பருக்கு இச்செய்தி பெரும் ஊக்கமளித்தது.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. ஓட்டுநரின் கவனம் சிதறும், இசை கேட்டு உறங்கிவிடுவார் என்றெல்லாம் சொல்லி, மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் செயின்ட் லூயிஸ் நகரிலும் கார் வானொலியைத் தடைசெய்யும் முயற்சிகள் நடந்தன. கைப்பேசியைப் பற்றி நாம் இன்று பேசும் அதே சொற்கள்!

அதிர்வியும் டிரான்சிஸ்டரும்

மின்சாரச் சிக்கலை 1930களின் தொடக்கத்திலேயே தீர்த்துவைத்தது அதிர்வி என்ற சிறு கருவி. மின்சார மணியைப் போல ஒரு நாக்கு நொடிக்கு நூறு முறைக்கு மேல் துடித்து, பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விடும். வெட்டுப்பட்ட மின்சாரத்தை மின்மாற்றி உயர்த்தித் தரும். தரைக்கடியில் இருந்த மின்கலன்கள் விடைபெற்றன. பழைய வானொலியைப் போட்டவுடன் முதலில் கேட்கும் மெல்லிய ரீங்காரம் இந்த நாக்கின் துடிப்பே. இரைச்சலை அடக்க, தீப்பொறிச் செருகிகளில் மின்தடைகளும் மின்னாக்கியில் மின்தேக்கிகளும் வந்தன.

வானொலியின் பெருமதிப்பைக் கார் உற்பத்தியாளர்களும் உணர்ந்தனர். ஜெனரல் மோட்டார்ஸ் 1936இல் இண்டியானா மாநிலத்தின் கோக்கோமோ நகரில் டெல்கோ வானொலிப் பிரிவை நிறுவியது. எங்கள் வண்டியில் இருந்ததும் டெல்கோவின் படைப்பே.

அடுத்த பெருந்திருப்பம் 1955. ஃபில்கோ நிறுவனமும் கிரைஸ்லரும் இணைந்து, வால்வே இல்லாத, முழுதும் டிரான்சிஸ்டர்களால் ஆன கார் வானொலியை அவ்வாண்டு அறிவித்தன. 1956ஆம் ஆண்டு மாதிரியான கிரைஸ்லர், இம்பீரியல் கார்களில் அது 150 டாலர் விலையில் வந்தது. டெல்கோ சில காலம் நடுவழியில் சென்றது: பன்னிரண்டு வோல்ட்டிலேயே இயங்கும் தனிவகை வால்வுகள் அலையைப் பிடிக்க, இறுதியில் ஒரேயொரு வலிய டிரான்சிஸ்டர் ஒலியைப் பெருக்கியது. அதிர்வியின் நாக்கு ஓய்ந்தது. நம் ஊர்களில் கையடக்க வானொலிக்கே 'டிரான்சிஸ்டர்' என்று பெயர் வழங்கியதை நினைவுகூரும் வாசகர்களுக்கு, ஒரு சிறு உறுப்பின் பெயர் முழுப்பொருளுக்கும் ஆகிவந்த அந்த மாற்றத்தின் வேகத்தை விளக்க வேண்டியதில்லை.

பிக்கப்பின் நிலை

இத்தனையும் கார்களின் கதை. பிக்கப் வண்டி எப்போதும் ஒரு தலைமுறை பின்தங்கியே நடந்தது. ஃபோர்டு நிறுவனம் மாடல்-டி வண்டியில் தொழிற்சாலையிலேயே பின்தொட்டியை இணைத்து 1925 ஏப்ரலில் 281 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அதன்பின் நெடுங்காலம் பிக்கப் என்பது ஏரும் மண்வெட்டியும் போல ஒரு கருவி. சூடேற்றியும் வானொலியும் கூடுதல் பணம் கொடுத்தால் மட்டுமே. பண்ணைகளும் ஒப்பந்தக்காரர்களும் மொத்தமாக வாங்கிய வண்டிகளில், வானொலி இருக்க வேண்டிய இடத்தை ஒரு தகடு மூடியிருக்கும். 1955இல் செவ்ரோலே வெளியிட்ட கேமியோ போன்ற அலங்கார வண்டிகள் விதிவிலக்கு.

ஆகவே 1972இன் பிக்கப்பில் நாம் காண்பது இதுவே: இரு குமிழ்கள், ஐந்து பொத்தான்கள், டாஷ்போர்டின் உச்சியில் கண்ணாடியை நோக்கி மல்லாந்து கிடக்கும் ஒரே ஒலிபெருக்கி. ஒலி கண்ணாடியில் மோதித் திரும்பி ஓட்டுநரின் முகத்தில் விழும். கதவுகளில் ஒலிபெருக்கிக்கு இடமே விடப்படவில்லை. இரண்டு காதுகளுக்கும் ஒரே ஒலி. அதுவும் சில வாட்கள் மட்டுமே. எஃப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்பை அமெரிக்க அரசு 1961லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆயினும் நாட்டில் எஃப்.எம். கேட்போர் ஏ.எம். கேட்போரை மிஞ்சியது 1978இல்தான்.

குறை மட்டும் கூறிச் செல்வது நியாயமன்று. ஐம்பதாயிரம் வாட் ஏ.எம். நிலையத்தின் அலை, இரவில் மேல்வளியில் பட்டுத் திரும்பிப் பல மாநிலங்களைத் தாண்டும். முள் நின்ற 820 கிலோஹெர்ட்ஸ், ஃபோர்ட் வொர்த்தின் டபிள்யூ.பி.ஏ.பி. நிலையத்துக்குரியது. 1969 முதல் அங்கே பில் மேக் என்ற அறிவிப்பாளர் நள்ளிரவில் லாரி ஓட்டுநர்களுக்கென்றே நிகழ்ச்சி நடத்தினார். உறங்கும் நாட்டின் நடுவே விழித்திருந்தவர்கள் அந்தக் குரலைச் சுற்றி ஓர் ஊராக வாழ்ந்தனர். எங்கள் பெரியவர் அதைக் கேட்டாரா என்பதற்கு முதற் பொத்தானைத் தவிர வேறு சான்று இல்லை.

விரும்பியதை விரும்பியபோது

ஒலிபரப்புவோர் தருவதைக் கேட்பது ஒன்று. தாம் விரும்பியதை வண்டியில் கேட்பது வேறொன்று. இந்த ஆசையின் முதல் முயற்சி நகைப்புக்குரியது. 1956ஆம் ஆண்டுக் கார்களில் கிரைஸ்லர் ஒரு இசைத்தட்டுக் கருவியையே பொருத்தியது! சி.பி.எஸ். ஆய்வகத்தின் பீட்டர் கோல்ட்மார்க் வடிவமைத்தது அது. ஏழங்குலத் தட்டு நிமிடத்துக்கு 16⅔ சுற்று சுழலும். அந்தத் தனிவகைத் தட்டுகளை வேறெங்கும் வாங்க இயலாது; பழுதுகளும் மிகுதி. சில ஆண்டுகளில் அது மறைந்தது.

வெற்றி பெற்றது காந்த நாடா. மோட்டோரோலா கதையில் நாம் முன்பு கண்ட அதே வில்லியம் லியர் (இதற்குள் ஜெட் விமானத் தொழிலில் புகழ்பெற்றுவிட்டார்) 1964இல் எட்டுத்தட நாடாவை உருவாக்கினார். 1966 மாதிரி ஃபோர்டு கார்களில் அது இடம்பெற்றது. பிலிப்ஸ் 1963இல் பெர்லினில் அறிமுகப்படுத்திய சிறு கேசட் பின்னர் அதனை வென்றது. 1984இல் குறுந்தட்டு காருக்குள் வந்தது. கேசட் கருவியோடு அமெரிக்காவில் விற்ற கடைசிப் புதுக்கார் 2010 மாதிரி லெக்சஸ் எஸ்.சி.430 என்று கூறப்படுகிறது.

கையிரம்பத்தின் பத்தாண்டு

தொழிற்சாலை கொடுத்ததை மாற்றுவதே ஒரு கலையாகவும் வணிகமாகவும் வளர்ந்தது 1970களில். அரிசோனாவின் ஜிம் ஃபாஸ்கேட் போன்றோர் வண்டிக்கென்றே தனிப் பெருக்கிகளைச் செய்யலாயினர். வர்ஜீனியாவின் பில் க்ரட்ச்ஃபீல்டு தாம் செப்பனிட்ட பழைய போர்ஷே காருக்கு ஸ்டீரியோ தேடி அலைந்தார். அந்த அலைச்சலே அஞ்சல்வழி விற்பனைக்கு வித்திட, 1974இல் தாயாரின் வீட்டு நிலவறையில் கடை தொடங்கினார். முதலில் விற்பனை மந்தம். வாடிக்கையாளர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பியபோது, தாமே பொருத்துவதற்கு மக்கள் அஞ்சுவது தெரியவந்தது. அதன்பின் அவருடைய விலைப்பட்டியல், பொருத்தும் முறையைக் கற்பிக்கும் இதழாக உருமாறியது, வணிகமும் தழைத்தது. அறிவைக் கொடுத்துப் பொருளை விற்ற இந்த முறை நினைத்துப் பார்க்கத்தக்கது.

ஆனால் ஓர் இழப்பும் உடன் நிகழ்ந்தது. ஜெர்மானியத் தர நிறுவனமான டின் வகுத்த அளவு, அகலம் 180 மி.மீ., உயரம் 50 மி.மீ., 1984இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. அதன்பின் எந்த நாட்டு ஸ்டீரியோவும் எந்த நாட்டுக் காரிலும் பொருந்தும். நல்லதுதான். ஆனால் அதற்கு முன் பிறந்த வண்டிகளில் இரு குமிழ்களுக்கான துளைகளும் நடுவே சிறு சாளரமும் மட்டுமே உண்டு. ஸ்டீரியோவுக்கு ஏற்ப வண்டி அறுக்கப்பட்டது. 1980களிலும் 1990களிலும் ஆயிரமாயிரம் பழைய பிக்கப்களின் முகப்பில் இரம்பம் பாய்ந்தது. அன்று அவை வெறும் பழைய வண்டிகள், யாரும் வருந்தவில்லை. இன்று விற்பனை விளம்பரங்களில் 'அறுபடாத டாஷ்போர்டு' என்பது தனித்துக் கூறப்படும் பெருமை. மண்டபத்தூண்களின் நடுவே சுவரெழுப்பிப் பண்டசாலை ஆக்கியவர்களும் தீயவர்கள் அல்லரே! அவர்களுக்கு அன்று பண்டசாலை தேவைப்பட்டது.

கொட்டகையில் நாங்கள் கற்றவை

இனி எங்கள் வண்டிக்கு வருவோம். அறுப்பதில்லை என்று முடிவான பின்னும் பிழை செய்யாமல் இருந்தோமில்லை. ஊமையானது ஒலிபெருக்கிதான் என்று கண்டோம். அதன் காகிதக் கூம்பு ஐம்பதாண்டு வெயிலில் பொடிந்து போயிருந்தது. கடையில் கிடைத்த புதிய ஒலிபெருக்கியை மாட்டினோம். பெரியவரின் நிலையம் பேசியது, நாங்கள் ஆரவாரித்தோம். இருபது நிமிடங்களில் குரல் கரகரத்து அடங்கிவிட்டது.

காரணத்தை ஒரு முதிய வானொலிப் பழுதுபார்ப்பவர் விளக்கினார். அக்காலத்து டெல்கோ பெட்டி, ஏறக்குறைய பத்து ஓம் தடையுள்ள ஒலிபெருக்கிக்கென்று செய்யப்பட்டது. இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நான்கு ஓம். தடை குறைந்ததால் மின்னோட்டம் மிகுந்து, ஒற்றை டிரான்சிஸ்டர் சூடேறிவிட்டது. நல்வினைப் பயனாக, அதன் வழியில் ஒரு சிறு மின்தடையை அன்றைய பொறிஞர்கள் உருகிக்கென்றே வைத்திருந்தனர். அது தான் எரிந்து டிரான்சிஸ்டரைக் காத்துவிட்டது. சில டாலர் செலவில் பெட்டி மீண்டும் உயிர்பெற்றது. இம்முறை பத்து ஓம் ஒலிபெருக்கியோடு.

பொத்தான்களின் நினைவாற்றலையும் அவரே திறந்து காட்டினார். அலையைத் தேர்வது சுருள்களுக்குள் புகுந்து வெளிவரும் இரும்புக் கருக்கள். குமிழால் நிலையத்தைப் பிடித்து, பொத்தானை வெளியே இழுத்து, உள்ளே அழுத்தினால், அதன் பின்னுள்ள சிறு தகடு அந்த நிலையிலேயே இறுகிப் பூட்டிக்கொள்ளும். பின்னர் எப்போது அழுத்தினாலும் கருக்களை அதே இடத்துக்குத் தள்ளும். இந்த நினைவுக்கு மின்சாரம் வேண்டாம். பேட்டரியைக் கழற்றினால் பல புதிய ஸ்டீரியோக்கள் தம் நிலையங்களை மறந்துவிடும், இப்பெட்டி மறக்காது.

அடுத்து, நண்பரின் கைப்பேசிப் பாட்டு. பழைய முகப்பை வைத்துக்கொண்டு உள்ளுறுப்புகளை மட்டும் புதிதாக்கித் தருவோர் உளர். குமிழ்த் துளைகளிலேயே பொருந்துமாறு பழைய தோற்றத்தில் வரும் புதுப்பெட்டிகளும் உள்ளன. இரண்டிலும் தகடு தப்பும், பொத்தான்களின் நினைவு தப்பாது. ஆகவே மூன்றாம் வழியைத் தேர்ந்தோம்: இருக்கைக்கடியில் புளூடூத் வசதியுள்ள தனிப் பெருக்கி, கால்வைக்கும் இடத்தின் இருபுறமும் ஒலிபெருக்கியோடே வரும் மாற்றுப் பலகைகள், பழைய வானொலியும் அதன் ஒலிபெருக்கியும் தம் வழியில் தனியே. பழைய பலகைகளைத் துணியில் சுற்றிக் கொட்டகைப் பரணில் வைத்தோம்.

பெட்டிகளின்மேல் அச்சிடப்படும் 'ஐம்பது வாட்' என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம் என்பதை வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். கணக்கு எளிது. ஓடும் வண்டியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். அதன் வர்க்கத்தை நான்கு ஓமால் வகுத்தால் 52 வாட் வரும். ஆனால் அது இசையன்று. உச்சத்தில் தட்டையாக வெட்டுப்பட்ட அலையின் கணக்கு. தூய அலைக்கு அதிற்பாதியே, அதாவது 26 வாட், கொள்கை அளவிலான எல்லை. நடைமுறையில் இருபதை ஒட்டித்தான் கிடைக்கும். இந்தக் குழப்பத்தை நீக்கவே 2003இல் அமெரிக்க மின்னணுவியல் துறையினர் பொது அளவீட்டு முறை ஒன்றை வகுத்தனர். அதற்குமேல் வேண்டுவோருக்கு, உள்ளேயே மின்னழுத்தத்தை உயர்த்திக்கொள்ளும் தனிப் பெருக்கியே வழி. அதிர்வியின் நாக்கு அன்று செய்த வேலையை இன்று டிரான்சிஸ்டர்கள் ஓசையின்றிச் செய்கின்றன.

அவ்வாறே, பழைய வண்டிகள் சிலவற்றில் ஒலிபெருக்கியின் ஒரு முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். புதிய பெருக்கிகளில் இரு முனைகளும் உயிருள்ளவை. ஒன்றை உடலில் தொடவிட்டால் பெருக்கி பழுதாகும். எனவே பழைய கம்பிகளை நம்பாமல் புதியவற்றை இழுத்தோம். பேட்டரியிலிருந்து வரும் கம்பிக்கு, பேட்டரிக்கு அருகிலேயே உருகி வைத்தோம். வங்கியாளரின் பேக்கார்டை நாங்கள் மறக்கவில்லை!

இருக்கைக்குப் பின்னால் ஒரு பெரிய தாழொலிப் பெட்டியைத் திருகிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். 1967 முதல் 1972 வரையிலான இந்த வகைச் செவ்ரோலே பிக்கப்களில் பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் அறைக்குள்ளேயே, இருக்கைக்குப் பின்னால்தான் இருக்கிறது. துளைக்கருவியை எடுக்குமுன் இருக்கையை மடக்கிப் பார்த்ததால் அதை அறிந்தோம். பழைய பொருளில் கை வைக்குமுன் அதன் வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலிய காரணம் எங்களுக்குத் தேவைப்படவில்லை. தாழொலிப் பெட்டி கைவிடப்பட்டது.

மீண்டும் அதே பகை

கால்வின் போரிட்ட இரைச்சல் இப்போது வேறு உருவில் திரும்பியிருக்கிறது. மின்சார வண்டிகளின் மோட்டார்களும் மின்மாற்றமைப்புகளும் ஏ.எம். அலைகளைக் குலைக்கின்றன, அதனால் சில உற்பத்தியாளர்கள் ஏ.எம். வானொலியையே விலக்கினர். 2024 மாதிரிகளிலிருந்து அதை நீக்கப்போவதாகக் கூறிய ஃபோர்டு, எதிர்ப்புக்குப்பின் 2023 மே மாதம் அம்முடிவைக் கைவிட்டது. எல்லாப் புதிய வண்டிகளிலும் ஏ.எம். இருக்க வேண்டும் என்ற சட்ட முன்வரைவும் அதே மாதம் அமெரிக்கக் காங்கிரசில் கொண்டுவரப்பட்டது. புயலும் வெள்ளமும் வந்து கைப்பேசிக் கோபுரங்கள் சாயும்போது ஊரை எச்சரிக்க ஏ.எம். வேண்டும் என்பது அதனை ஆதரிப்போரின் வாதம். தடைசெய்யப் பார்த்த கருவியைக் கட்டாயமாக்கப் பார்க்கும் காலத்துக்கு வந்துவிட்டோம்.

வேலை முடிந்த மாலையில் பெரியவரின் மகளை நண்பர் அழைத்திருந்தார். அவர் ஏறியமர்ந்து, டாஷ்போர்டைத் தடவிப் பார்த்தார். முதற் பொத்தானை அழுத்தினார், 820 பேசியது. இரண்டாவதில் ஒரு சமயப் பிரசங்கம். நான்காவதும் ஐந்தாவதும் ஸ்பானிய மொழி நிலையங்கள். மூன்றாவதில் வெறும் இரைச்சல். அந்த இடத்தில் அப்பா எதைக் கேட்டார் என்று வினவினோம். அவருக்கும் தெரியவில்லை.

நண்பர் இப்போது பணிக்குச் செல்லும்போது கைப்பேசியில்தான் பாட்டுக் கேட்கிறார். நான்கு பொத்தான்களை அவ்வப்போது அழுத்துவதும் உண்டு. மூன்றாவதை வேறு நிலையத்துக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று எங்களில் ஒருவர் சொன்னபோது, இருக்கட்டும் என்றார்.